ஒரு நாளைக்கு நாற்பது ‘கைக்கு’

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
18 ஜூன் 2023

அன்புத் தங்கச்சி ரெஜினாவுக்கு,

ஸ்டெல்லா அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதில் இரண்டு பேருக்கு மட்டும் தீராத தலைவலி. ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இருமல் நின்றதா என்று எழுது.

மடத்தில் நவகன்னியர் பயிற்சி ஒரு வருஷம், போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று சொல்லிவிட்டு நீ நிம்மதியாக மலையேறிவிட்டாய். எங்களோடு இருந்த மூன்று வருஷமும் ஜோஸ்லின் கேட்டதற்கெல்லாம் நீதான் பதில் சொன்னாய். இப்போது அந்த இலாகா என் தலையில். ஏழு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு சந்தேகம் வருமா?

ஸ்கூல் ஆட்டோ சலீம் பாயிடம் புதிதாக ஒரு வார்த்தை பிடித்து வந்திருக்கிறாள். ‘கைக்கு?’ இந்த ஊர் உருதுவில் ‘ஏன்’ என்று அர்த்தமாம். முதல் நாள் எனக்குத் தெரியவில்லை. “பல்லைத் தேய்டி” என்றேன். “கைக்கு?” என்றாள். “கைக்கு இல்லடி, பல்லுக்கு” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார் உன் அத்தான். நேற்று எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது ‘கைக்கு’.

பேகம்பேட் ஆபீஸில் நாள் முழுக்க இன்சூரன்ஸ்காரர்களின் கேள்வி, வீட்டுக்கு வந்தால் இவள் கேள்வி. “கடவுள் அப்படிப் படைச்சாரு” என்று ஒருநாள் முடிக்கப் பார்த்தேன். “அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்கிறாள்.

இந்த வாரத்துப் பாக்கி மூன்று. பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை? அசோசியேஷன் செகரட்டரி இராமச்சந்திரன் சார் தலையில் ஏன் முடி இல்லை? மத்தியானம் நிழல் ஏன் குட்டையாகிறது? நீயே பதில் எழுதி அனுப்பு, படித்துக் காட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஸ்டெல்லா


ஏற்காடு
2 ஜூலை 2023

அன்பு அக்காவுக்கு,

ரெஜினா எழுதுவது. இருமல் போய்விட்டது, பசி வந்துவிட்டது. அத்தான் சுகமா? உன் முதுகுவலி?

வரும் கடிதங்களை மடத்துத் தலைவி மதர் படித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். உன் ‘பல்லுக்கு’ வரியில் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாராம்.

ஜோக்குட்டிக்குப் பதில்கள். பல்லி விழுந்தால் உடனே நாலு பேர் காலண்டரைப் புரட்டிப் பலன் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இராமச்சந்திரன் சாருக்கு முடி எங்கேயும் போகவில்லை. தலையில் வெயில் அதிகம் என்று காதுக்குள் வீடு மாறியிருக்கிறது. நிழலுக்கும் அதே கதைதான். மத்தியானம் தரை சுடுகிறதல்லவா? நம் காலுக்கடியில் ஒதுங்கிக்கொள்கிறது.

அவளுக்கு என் முத்தங்கள் பத்து. உனக்கு ஒன்று, அதுவும் நீ திட்டாமல் இருந்தால்.
ரெஜினா


மாரெட்பள்ளி
23 ஜூலை 2023

அன்பு ரெஜினாவுக்கு,

சுகமா என்று நீ கேட்கவே வேண்டாம். இந்த மாதம் நான் இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இரண்டும் உன்னால்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து லிஃப்டில் ஏறினால் உள்ளே இராமச்சந்திரன் சார். உன் மகள் (இனிமேல் உன் மகள்தான்) எம்பி எம்பி அவர் காதைப் பார்த்தாள். அவர் பாவம், ஏதோ ரகசியம் சொல்ல வருகிறாள் என்று குனிந்து கொடுத்தார். “ஹவ், ஆமா மம்மி! சித்தி சொன்னது கரெக்ட், எல்லாம் இங்கதான் இருக்கு!” நாலு மாடி, ரெஜினா. நாலு மாடியும் லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போனது.

அடுத்தது ஸ்கூல் பரீட்சை. மத்தியானம் நிழல் ஏன் குட்டையாகிறது என்றே கேள்வி வந்திருக்கிறது! இவள் உன் பதிலை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, கால் படமும் வரைந்திருக்கிறாள். அரை நாள் லீவு போட்டுப் போய் நின்றேன். “வீட்டில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?” என்றார் டீச்சர். மடத்தில் இருக்கும் என் தங்கை என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மதர் படிப்பார் என்று முன்னாலேயே சொல்லக்கூடாதா? வீட்டு விஷயம் எழுதவே கை கூசுகிறது.

இனிமேல் நிஜமான பதிலாக எழுது, இல்லையென்றால் எழுதாதே.
ஸ்டெல்லா


ஏற்காடு
6 ஆகஸ்ட் 2023

அன்பு அக்காவுக்கு,

சாஷ்டாங்கமாக மன்னிப்பு. மனசில் மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

ஜோவிடம் சொல், பரீட்சையில் டீச்சர் பதில், வீட்டில் சித்தி பதில். பூமி சுற்றுகிறது, சூரியன் உச்சிக்கு வருகிறது, அதனால் நிழல் குட்டையாகிறது. போதுமா? எனக்கே கொட்டாவி வருகிறது.

இங்கே பேசாமல் இருக்கும் நேரம்தான் அதிகம். காய் நறுக்கும்போது ஜோவின் கேள்விகளைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருப்பேன். கோபத்தில் அனுப்பாமல் இருந்துவிடாதே அக்கா. நாற்பதும் வேண்டாம், நாலு அனுப்பு.

முதுகுவலி பற்றிக் கேட்டிருந்தேன், பதிலே இல்லை. நன்றாகத்தானே இருக்கிறாய்?
ரெஜினா


மாரெட்பள்ளி
20 ஆகஸ்ட் 2023

அன்பு ரெஜினாவுக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன், காலை ஆறிலிருந்து பத்து வரை வாந்தி எடுப்பதைத் தவிர. ஆமாம், நீ நினைப்பது சரி. ஏழு வருஷத்துக்கு அப்புறம். தேதி மார்ச் என்கிறார் டாக்டர். மதர் அவர்களுக்கும் என் வணக்கம், முதலில் அவர்தானே படிக்கப்போகிறார்!

நாங்கள் சொல்வதற்கு முன்னால் ஜோவே கர்ப்பிணிப் படம் போட்ட மாத்திரை அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை. “பாப்பா எங்கேர்ந்து வரும்?” “இப்ப எங்க இருக்கு?” “மார்ச்சா? கைக்கு இவ்ளோ லேட்?” உன் அத்தானிடம் கேட்டாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவசர வேலை என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை!

இரவு சாப்பாட்டுத் தட்டில் உப்பிருக்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நிஜமான பதில்தான் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எதையாவது எழுதி அவள் வாயை அடை.

அக்கா


ஏற்காடு
3 செப்டம்பர் 2023

என் தங்க அக்காவுக்கு,

செய்தியைப் படித்துவிட்டுத் துணி துவைக்கும் கல் மேல் ஏறி ஆடினேன். மதர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார், வாந்தி கொஞ்சம் அடங்கும். கனம் தூக்காதே. ஜோ உன் மேல் ஏறிக் குதிப்பாளே, அதையும் நிறுத்து.

ஜோவுக்கு எழுதுகிறேன், சத்தமாகப் படி.

ஜோக்குட்டி, பாப்பா ரயிலில் வருகிறது. அப்பா ரயில்வேக்காரர் இல்லையா, அதனால் நம் வீட்டுக்கு ரயிலில்தான் வரும். ஆனால் கூட்டம் அதிகம். இப்போது பாப்பாவுக்கு வெயிட்டிங் லிஸ்ட் ஏழு. மாதம் ஒன்று குறையும். ஆறு, ஐந்து, நாலு என்று வந்து, டிக்கெட் உறுதியானதும் மார்ச்சில் இறங்கிவிடும். அதுவரைக்கும் அம்மாவிடம் வேறு கேள்வி கேட்கக்கூடாது, நம்பர் மட்டும் கேட்கலாம்.

எப்படி? சாப்பாட்டு அறையில் படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு உயிருக்கும் என் ஜெபம்.
ரெஜினா


ஏற்காடு
1 அக்டோபர் 2023

அன்பு அக்காவுக்கு,

செப்டம்பர் முழுக்க உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தாமதமா, வாந்தி தாமதமா? வெயிட்டிங் லிஸ்ட் ஆறுக்கு வந்திருக்குமே, ஜோ என்ன சொல்கிறாள்?

உனக்குக் குல்லா பின்ன நூல் கேட்டிருக்கிறேன். உனக்கு இல்லை, பாப்பாவுக்கு. பார், எழுதவே தடுமாறுகிறது.

ஒரு வரி போதும்.
ரெஜினா


மாரெட்பள்ளி
15 அக்டோபர் 2023

ஹாய் சித்தி,

நான் ஜோ. நான் சொல்றேன், அப்பா எழுதறாரு. எனக்குத் தமிழ் எழுத வராது இல்ல.

சித்தி, பாப்பா டிக்கெட் கேன்சல் ஆயிடுச்சாம். அம்மா ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தாங்க. நான் நம்பர் கேட்டேன். அம்மா ரூமுக்குள்ள போயிட்டாங்க. அப்பாதான் சொன்னாரு, கேன்சல்னு. கைக்கு? யாரு கேன்சல் பண்ணா? அப்பா ரயில்வேலதான் வேலை செய்றாரு, அவருக்கே தெரியாதாம். அப்ப என்ன வேலை செய்றாரு?

தத்கால்னு ஒண்ணு இருக்கு சித்தி. காலையில பத்து மணிக்குப் போய் நின்னா உடனே டிக்கெட் கிடைக்கும்னு சலீம் அங்கிள் சொன்னாரு. அம்மாகிட்ட சொன்னா “நக்கோ, வேணாம், பேசாத” அப்படின்னு என் பாஷையிலயே சொல்றாங்க. சோத்துல மோரை ரெண்டு தடவை ஊத்தறாங்க. இப்பல்லாம் நான் கேள்வி கேட்கறதில்ல. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான்.

ஒருவேளை பாப்பா இறங்கற ஸ்டேஷன் தெரியாம உங்க ஊருக்கு வந்துச்சுன்னா இங்க அனுப்பிடுங்க.

ஜோஸ்லின், இரண்டாம் வகுப்பு, பி செக்‌ஷன்

ரெஜினா, அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை. செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி. பதினாலாவது வாரம். மடத்துக்குப் போன் செய்கிறேன் என்றேன், ஸ்டெல்லாதான் கூடாது என்றுவிட்டாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. அமலநாதன்.


ஏற்காடு
5 நவம்பர் 2023

அக்கா,

அத்தான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதர் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். “இனிமேல் உன் அக்கா எழுதறதை நான் பிரிக்கமாட்டேன்மா, அவங்களுக்கு எழுதிச் சொல்லிடு” என்றார். சொல்லிவிட்டேன்.

அத்தானைக் கோபித்துக்கொள்ளாதே. அந்த ரயிலை விட்டவள் நான்தான். அவர் அதை நிறுத்தத் தெரியாமல் அதே பாஷையில் ஏதோ சொல்லிவிட்டார்.

வேறு என்ன எழுதினாலும் தப்பாக இருக்கிறது. மூன்று தாள் கிழித்துவிட்டேன். என்னைத் திட்டியாவது எழுது.

ரெஜினா


மாரெட்பள்ளி
19 நவம்பர் 2023

ரெஜினாவுக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன்.

வேறொருத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலில் படிப்பாரே என்றுதான் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்கு. எனக்கு உன் மேல் கோபம். நீ மாதத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து ஒரு வேடிக்கை எழுதுகிறாய். மீதி இருபத்தொன்பது நாளும் அதோடு குடித்தனம் நடத்துவது நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது வலியைவிட, வீட்டுக்குப் போனால் இவள் நம்பர் கேட்பாளே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நேற்றுச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்காக இவர் அரக்கோணம் கிளம்பினார். ஜோவைக் கூட்டிக்கொண்டு வழியனுப்பப் போனேன். ரயில் நகர்ந்ததும் கையை ஆட்டிவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் இவள் இல்லை. நாற்பது நிமிஷம், ரெஜினா. ஒவ்வொரு பிளாட்பாரமாக ஓடினேன். ரயில்வே போலீஸிடம் அவள் போட்டிருந்த சட்டை நிறத்தைச் சொல்ல முடியவில்லை. மஞ்சளா பச்சையா, சத்தியமாக நினைவில்லை.

முன்பதிவு கவுண்டரில் இருந்தாள். தத்கால் வரிசையில், கையில் ஒரு டிக்கெட் பாரத்தோடு, பெரியவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற நஸ்ரின் என்ற அம்மாள் பாரத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார். பெயர், பேபி. வயது, சைபர். சேரும் இடம், செகந்திராபாத். புறப்படும் இடம் மட்டும் காலி. “எங்கேர்ந்து வருதுன்னு கேட்டேன். அது மம்மிக்குத்தான் தெரியும், மம்மி சொல்லமாட்டாங்கன்னு சொல்லுது உங்க பொண்ணு” என்றார். யாரோ உறவுக்குழந்தைக்கு டிக்கெட், பெரியவர்கள் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

ஓங்கி ஒரு அறை விட்டேன். அத்தனை பேர் முன்னால். அவள் அழவில்லை, பாரத்தைக் கசங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன், அவளையும் உட்கார வைத்தேன்.

“பாப்பா ரயில்ல வரலை ஜோ. என் வயித்துக்குள்ள இருந்துச்சு. நெஞ்சு துடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒருநாள் நின்னுடுச்சு. செத்துப்போச்சு.”

“கைக்கு?”

“தெரியலை.”

“டாக்டருக்கு?”

“அவங்களுக்கும் தெரியலை.”

கொஞ்ச நேரம் செருப்பு வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “அன்னிக்கு நான் சோபாவிலேர்ந்து உன் மேல குதிச்சேனே. அதனாலயா?”

இரண்டு மாதமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு சாப்பிட்டு, என்னோடு தூங்கியிருக்கிறாள். நான் அவள் வாயை அடைக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, அதனால் இல்லவே இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. அப்போதுதான் அழுதாள். நானும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அழுதது அதுதான் முதல் தடவை. ஒரு ஆட்டோக்காரர் வந்து, பர்ஸ் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

போதும். கை வலிக்கிறது.
ஸ்டெல்லா


ஏற்காடு
3 டிசம்பர் 2023

அக்கா,

ஜோ மேலே ஏறிக் குதிக்காமல் பார்த்துக்கொள் என்று செப்டம்பரில் எழுதினேனே, அதையும் சத்தமாகப் படித்தாயா? அந்த வரியை நினைத்து நினைத்துச் சாகிறேன்.

ஒருமுறை போன் செய்துகொள் என்று மதர் அனுமதி கொடுத்தார். போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உன் குரலைக் கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவேன் என்று தோன்றியது. கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். அது சரியா, கோழைத்தனமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மனசுக்குள் அதற்குப் பெயர் ஏதாவது வைத்திருந்தாயா? எழுத வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு. தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன்.

நீ எப்படி இருக்கிறாய் அக்கா? ஜோவைப் பற்றி அல்ல, உன்னைப் பற்றிக் கேட்கிறேன்.
ரெஜினா


மாரெட்பள்ளி
17 டிசம்பர் 2023

அன்பு ரெஜினாவுக்கு,

ஆபீஸ் போகிறேன், சாப்பிடுகிறேன். ஸ்கூட்டியில் போகும்போது சிக்னலில் சும்மா நிற்கும் நேரம்தான் கஷ்டமாக இருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயே, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டதுதான். அந்தப் பாரத்தை நீ இறக்கி வைத்துவிடலாம்.

கேள்விகள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. நேற்று முப்பதுக்கு மேல். கொசுவுக்கு முழங்கால் இருக்கிறதா, இருந்தால் மண்டியிடுமா என்று பூசை நடுவில் கேட்டாள். தெரியாது என்றேன். வேலைக்குப் போகிறாய், இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை பார்த்தாள். எரிச்சல் வருகிறது, ரெஜினா. நன்றாகவே வருகிறது. ஒரு குழந்தை மேல் எரிச்சல்படுவதில் இவ்வளவு ஆறுதல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பெயர் கேட்டாய். பத்து நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். பெண்ணாக இருந்தால் ரெஜினா. இவருக்கும்கூடச் சொல்லவில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. அடுப்படியிலிருந்து அப்படிக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது ஜோ தோளில் தொங்கிக்கொண்டு, “என்ன எழுதறே மம்மி?” என்றாள். இனிமேல் இவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால் சொன்னேன்.

“நக்கோ மம்மி. அது சித்தி பேரு. பாப்பாவுக்குக் குடுத்துட்டா, சித்தி நம்ம வீட்டுக்குத் திரும்பி வர்றப்போ என்னன்னு கூப்பிடறது?”

திரும்பி வருகிறபோது என்றாள். பயிற்சி ஒரு வருஷம் என்று எல்லோரும் பேசியதைக் கேட்டு, மே மாதம் நீ பெட்டியோடு வந்துவிடுவாய் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயிற்சி முடிந்தாலும் நீ மடத்தோடுதான், வீட்டுக்கு வரமாட்டாய் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இந்த ஒன்றுக்கு நீயே பதில் எழுது. வேடிக்கையாக வேண்டாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

உன் அக்கா
ஸ்டெல்லா